89 சதவீத ஏற்பு இருந்தவர் எப்படித் தோற்றார்? அமெரிக்க அதிபர்களின் அப்ரூவல் ரேட்டிங்கைப் படிப்பது பற்றி ஒரு சந்தேகம்

கோடும்புள்ளியும்:

வணக்கம். காலப் (Gallup) என்ற அமெரிக்கக் கருத்துக்கணிப்பு நிறுவனத்தின் அப்ரூவல் ரேட்டிங் எண்களை, அதாவது அதிபரை நூற்றுக்கு எத்தனை பேர் ஏற்கிறார்கள் என்ற எண்களை, ட்ரூமன் காலத்திலிருந்து எடுத்து எக்செல்லில் போட்டு, ஆளுக்கொரு கோடாக வரைந்துகொண்டிருக்கிறேன். வரைந்து முடித்தால் தெளிவு வரும் என்று பார்த்தால் குழப்பம்தான் கூடியிருக்கிறது. மூன்று இடத்தில் முட்டி நிற்கிறேன்.

முதலில் அப்பா புஷ் (ஜார்ஜ் எச். டபிள்யூ. புஷ்). 1991 மார்ச் தொடக்கத்தில் 89. 1992 ஜூலைக் கடைசியில் 29. பதினேழு மாதத்தில் அறுபது புள்ளி. குவைத் போரில் ஜெயித்த மனிதரை இப்படிக் கைகழுவ என்ன நடந்தது? பொருளாதாரம் என்கிறார்கள். ஆனால் அந்த மந்தநிலை 1991 மார்ச்சிலேயே முடிந்துவிட்டதாக அதிகாரபூர்வக் கணக்கு சொல்கிறதே.

அடுத்தது, ரீகனின் முதல் எண் 51. டிரம்ப் 2017-இல் வந்தபோது 45. ஆறு புள்ளிதான் வித்தியாசம். இருவருக்கும் கிடைத்த வரவேற்பு கிட்டத்தட்ட ஒன்று என்று எழுதலாமா?

கடைசியாக, "இந்தச் சம்பவத்தால் இத்தனை புள்ளி இறங்கியது" என்று எழுத வேண்டுமானால் எதை எதோடு கழிப்பது? சம்பவத்துக்கு முந்தைய மாத எண்ணையும் அடுத்த மாத எண்ணையும் எடுத்தால் போதுமா?

---

பழையகணக்கு:

இரண்டாவது கேள்வியில் தொடங்குகிறேன். சூட்சுமம் முழுக்க அங்கேதான் இருக்கிறது.

உங்கள் ஷீட்டில் ஒரே ஒரு நெடுவரிசைதான் இருக்கிறது என்று நினைக்கிறேன். காலப் கேட்கும் கேள்வி சின்னது: இன்னார் அதிபர் வேலையைச் செய்யும் விதத்தை ஏற்கிறீர்களா, ஏற்கவில்லையா? ஆளைப் பிடிக்குமா என்றோ, அடுத்த முறை ஓட்டுப் போடுவீர்களா என்றோ கேட்பதில்லை. வருகிற பதில் மூன்று வகை: ஏற்கிறேன், ஏற்கவில்லை, கருத்தில்லை. மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் போடுங்கள்.

ரீகன், 1981 தொடக்கம்: 51 – 13 – 36
அப்பா புஷ், 1989 ஜனவரி: 51 – 6 – 43
டிரம்ப், 2017 ஜனவரி: 45 – 45 – 10

இப்போது பாருங்கள். ரீகனை நூற்றுக்குப் பதின்மூன்று பேர்தான் வேண்டாம் என்றார்கள். மூன்றில் ஒரு பங்குக்கு மேல் "பார்க்கலாம்" என்று சும்மா இருந்தார்கள். டிரம்புக்குப் பதவியேற்ற வாரத்திலேயே எதிர்ப்பு ஆதரவுக்குச் சமமாக வந்து உட்கார்ந்துவிட்டது. ஏற்பிலிருந்து எதிர்ப்பைக் கழித்தால் ரீகனுக்கு +38, டிரம்புக்கு 0. ஆறு புள்ளி வித்தியாசம் என்று எழுதினால் அது தப்பான வாக்கியம்.

ஆசை அறுபது நாள், மோகம் முப்பது நாள் என்பார்களே, அந்த மோகம் இருப்பது கருத்தில்லை என்ற மூன்றாவது நெடுவரிசையில்தான். பழைய அதிபர்களுக்கு முதல் ஆறு மாதத்தில் நடந்ததே, கருத்தில்லாமல் இருந்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்து ஒரு பக்கம் போய் நின்றதுதான். கோபித்துக்கொண்டு போனவர்கள் குறைவு, முடிவெடுத்தவர்கள் அதிகம். வரைபடத்தில் ஏற்பு மட்டும் இருந்தால் இது தெரியவே தெரியாது. உதாரணத்துக்கு, ஏற்பு 51-லேயே நிற்கும், கீழே எதிர்ப்பு 6-இலிருந்து 25-க்கு ஏறியிருக்கும்.

இனி அப்பா புஷ். 1988 தேர்தலில் அவர் வாங்கியது 53 சதவீதத்துச் சொச்சம். 89-இலிருந்து அதைக் கழித்தால் மிச்சம் முப்பத்தைந்து. அந்த முப்பத்தைந்து அவருடையதே இல்லை. இரவல் நகை. எதிர்க்கட்சிக்கு ஓட்டுப் போட்டவர்கள், "போரைச் சரியாக நடத்தினாரா?" என்ற மனக்கேள்விக்கு "ஆமாம்" என்று சொன்ன பதில் அது. கல்யாணம் முடிந்ததும் நகையைக் கழற்றிக் கொடுத்துவிட வேண்டியதுதான். போர் தொலைக்காட்சியிலிருந்து இறங்கியதும் அதே மக்கள் அதே கேள்விக்கு வேறு விஷயத்தை நினைத்துப் பதில் சொன்னார்கள். கேள்வி மாறவில்லை, பதில் சொல்பவர் மனதில் முதலில் வந்து நிற்கும் விஷயம் மாறிவிட்டது. 1991 டிசம்பர் தொடக்கத்தில் 50-ஐ ஒட்டி வந்தாயிற்று, 1992 ஜனவரியில் ஏற்பு 46, எதிர்ப்பு 48.

இன்னொன்றையும் உங்கள் கோட்டில் தேடிப் பாருங்கள். அவர் ஏற்கெனவே ஒரு முறை விழுந்திருக்கிறார். 1990 ஆகஸ்டில் 70-களின் நடுவில் இருந்தவர், அக்டோபரில் 50-களின் தொடக்கத்துக்கு வந்தார். "புது வரி கிடையாது" என்று 1988-இல் சொன்ன வாக்கை விட்டு, காங்கிரஸோடு (அமெரிக்க நாடாளுமன்றத்தோடு) வரி உயர்வுக்கு ஒத்துக்கொண்ட நேரம் அது. போர் அந்த ஓட்டையை மூடி வைத்தது, அடைக்கவில்லை.

---

வாக்குச்சாவடி:

மந்தநிலை பற்றிய உங்கள் சந்தேகத்துக்கு மட்டும் பதில் சொல்லிவிடுகிறேன்.

மந்தநிலை 1991 மார்ச்சில் முடிந்தது என்பது உண்மை. ஆனால் அதை அறிவிக்க வேண்டிய பொருளாதார ஆய்வுக் குழு அப்படி அறிவித்தது 1992 டிசம்பரில். தேர்தல் முடிந்து அவர் மூட்டை கட்டிக்கொண்டிருந்தபோது. அதைவிட முக்கியம், உற்பத்தி திரும்பிவிட்டாலும் வேலை திரும்பவில்லை. 1991 மார்ச்சில் வேலையின்மை 6.8 சதவீதம். 1992 ஜூனில் 7.8. ஏற்பு 29-க்குப் போனது அடுத்த மாதம்.

எண்ணின் அளவு எவ்வளவு என்பதைவிட எந்தப் பக்கம் நகர்கிறது என்பதைப் பாருங்கள். ரீகன் 1984 நவம்பரில் மறுதேர்தலுக்கு நின்றபோது வேலையின்மை 7.2. அப்பா புஷ் 1992 நவம்பரில் நின்றபோது 7.4. கிட்டத்தட்ட ஒரே எண். முன்னவர் 49 மாநிலங்களை அள்ளினார், பின்னவர் 37.4 சதவீத ஓட்டோடு வீட்டுக்குப் போனார். வித்தியாசம் என்ன? 7.2 என்பது 1982 இறுதியில் இருந்த 10.8-இலிருந்து இறங்கி வந்த எண். அந்த 10.8-இன் சூட்டில்தான் 1983 ஜனவரியில் ரீகன் 35 வரை போனார். வேலையின்மை இறங்க இறங்க ஏற்பு ஏறி, தேர்தல் வேளையில் 58-க்கு வந்துவிட்டது.

விலைவாசி இந்த விதிக்குச் சரியாக அடங்காது, கவனம். வேலையின்மை இறங்கினால் ஜனங்கள் மறந்துவிடுவார்கள். பணவீக்கம் இறங்கினாலும் விலை இறங்காது, ஏறின இடத்திலேயே நிற்கும், ஏறும் வேகம்தான் குறையும். பைடன் காலத்தில் 2022 ஜூனில் பணவீக்கம் 9.1. அதற்குப் பிறகு அது பாதிக்கு மேல் இறங்கியது. ஏற்பு மட்டும் 40-ஐச் சுற்றியே கிடந்து, 2024 ஜூலையில் 36 ஆனது. முட்டை வாங்கப் போகிறவர் பார்ப்பது பணவீக்க விகிதத்தை அல்ல, விலைச் சீட்டை.

---

மாதிரிக்கூறு:

மூன்றாவது கேள்விக்கு வருகிறேன். மாத எண்ணை மாத எண்ணோடு கழிக்கவே கழிக்காதீர்கள். வெளியான தேதியையும் பார்க்காதீர்கள். ஒவ்வொரு கணிப்புக்கும் கீழே களத்தில் இருந்த தேதிகள், அதாவது மக்களிடம் கேள்வி கேட்ட தேதிகள் போட்டிருப்பார்கள். அதைத் தனி நெடுவரிசையாக எடுத்து, தொடக்க நாள், முடிவு நாள் இரண்டுக்கும் நடுநாளை எக்ஸ் அச்சில் போடுங்கள்.

ஏன் என்பதற்கு ஃபோர்டை எடுத்துக்கொள்வோம். நிக்சன் ராஜினாமா 1974 ஆகஸ்ட் 9. ஆகஸ்ட் 16–19 கணிப்பில் ஃபோர்டுக்கு 71. செப்டம்பர் 6–9 கணிப்பில் 66. செப்டம்பர் 27–30 கணிப்பில் 50. நிக்சனுக்கு அவர் பொது மன்னிப்பு வழங்கியது செப்டம்பர் 8, ஞாயிற்றுக்கிழமை. நடுக் கணிப்பைப் பாருங்கள்: அப்போது வீடு வீடாகப் போய்க் கேட்ட காலம். 6, 7 தேதிகளில் பதில் சொன்னவர்களுக்கு மன்னிப்பு என்ற ஒன்றே தெரியாது. 9-ஆம் தேதி பதில் சொன்னவருக்குத் தெரியும். ஆக 66 என்பது முன்னும் இல்லை, பின்னும் இல்லை, ஒரு கலவை. மாதச் சராசரி போட்டால் செப்டம்பருக்கு 58 என்று யாருடைய மனநிலையும் இல்லாத ஒரு எண் வரும்.

அடுத்த பொறி பைடன். "காபூல் விழுந்தது, பைடன் விழுந்தார்" என்று எல்லோரும் எழுதுகிறார்கள். எண்கள் இவை: 2021 ஜூனில் 56, ஜூலையில் 50, ஆகஸ்டில் 49, செப்டம்பரில் 43. காபூல் தலிபான் கைக்குப் போனது ஆகஸ்ட் 15. முதல் ஆறு புள்ளி அதற்கு ஒரு மாதம் முன்பே, ஜூலையிலேயே போய்விட்டது. டெல்டா வகை கொரோனா திரும்பப் பரவத் தொடங்கிய மாதம் அது. அடுத்த ஆறு புள்ளியைக் காபூலுக்கும், ஆகஸ்ட் 26-இல் விமான நிலையத்தில் 13 அமெரிக்கப் படையினர் இறந்ததற்கும் எழுதினால் நியாயம் இருக்கிறது. பதின்மூன்று புள்ளியையும் ஒரே சம்பவத்தின் தலையில் கட்டுவது சோம்பேறித்தனம்.

இனிப் பிழை வரம்பு, அதாவது சாம்பிள் எண் உண்மை எண்ணிலிருந்து எத்தனை புள்ளி விலகியிருக்கலாம் என்பது. 1,000 பேர் சாம்பிள், ஏற்பு 43% என்று வையுங்கள். 0.43-ஐ 0.57-ஆல் பெருக்கி, 1,000-ஆல் வகுத்து, வர்க்கமூலம் எடுத்து, 1.96-ஆல் பெருக்கினால் 3.1 புள்ளி வரும். செய்தியில் போடுகிற "±3" இதுதான். ஆனால் சாம்பிளுக்கு வயது, பாலினம், இனம், படிப்பு என்று வெயிட் போட்டுத்தான் (குறைவாகச் சிக்கிய பிரிவினரின் பதிலுக்குக் கூடுதல் எடை கொடுத்துத்தான்) நாட்டு மக்கள்தொகைக்குப் பொருத்துகிறார்கள். வெயிட் போட்டாலே வரம்பு அகலும். சராசரி அளவு வெயிட்டுக்கு ±3.8 என்று வைத்துக்கொள்ளலாம். நீங்கள் செய்வது ஒரு எண்ணைப் படிப்பது அல்ல, இரண்டைக் கழிப்பது. இரண்டிலும் பிழை உண்டு, எனவே இன்னொரு 1.41-ஆல் பெருக்க வேண்டும். வருவது 5.4. அதாவது 43-இலிருந்து 40-க்கு வந்தால் அது இறக்கமே இல்லாமலும் இருக்கலாம். நாளிதழ்களில் "சரிவு" என்று தலைப்பு வருவதில் பாதி இந்த ரகம்தான்.

செய்ய வேண்டியது இது. சம்பவத்துக்கு முந்தைய நான்கு கணிப்பு, பிந்தைய நான்கு கணிப்பு, ஒரே நிறுவனம், ஒரே கேள்வி. இரண்டு பக்கமும் சராசரி எடுத்துக் கழியுங்கள். வரம்பு 2.7-க்கு இறங்கிவிடும். சம்பவ நாளில் களத்தில் இருந்த கணிப்பை இரண்டு பக்கமும் சேர்க்காமல் தூக்கி வெளியே வையுங்கள். ஒரே குறை, நான்கு கணிப்பு என்பது பல மாதம் நீளலாம். அதற்குள் வேறொன்று நடந்துவிட்டால் பைடன் கதைதான்.

நிறுவனங்களைக் கலக்காதீர்கள் என்று சொல்வதும் இதனால்தான். ஒருவர் வயதுவந்த எல்லோரையும் கேட்பார், ஒருவர் பதிவு பெற்ற வாக்காளரை, ராஸ்முசன் போன்றவர் ஓட்டுப் போடக்கூடும் என்று கருதப்படுபவரை மட்டும். கலந்தே ஆக வேண்டும் என்றால், ஒவ்வொரு நிறுவனமும் பொதுச் சராசரியிலிருந்து வழக்கமாக எத்தனை புள்ளி மேலே கீழே நிற்கிறது என்று பார்த்து, அதைக் கழித்துவிட்டுக் கலக்குங்கள்.

---

சும்மாஇரு:

இத்தனை கணக்கு எதற்கு? 2016-இல் இந்த சர்வேக்காரர்கள் எல்லாம் மண்ணைக் கவ்வினதை உலகமே பார்த்தது. போனை எடுக்கிறவனே நூற்றுக்கு ஆறு பேர். மிச்சம் 94 பேர் என்ன நினைக்கிறான் என்று இவர்களுக்கு எப்படித் தெரியும்?

---

மாதிரிக்கூறு:

@சும்மாஇரு போன் விஷயம் சரிதான் சார். பியூ (Pew) என்ற ஆய்வு நிறுவனத்தின் தொலைபேசிக் கணிப்பில் பதில் தந்தவர்கள் 1997-இல் 36%, 2018-இல் 6%. இதனால் வரும் நிஜமான கோளாறு ஒன்று உண்டு: தன் ஆளுக்குக் கெட்ட செய்தி வரும் வாரம், ஆதரவாளர் போனை எடுப்பதில்லை. அவர் மனம் மாறவில்லை, பேசப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான். கணிப்பில் ஆதரவு விழுந்த மாதிரித் தெரியும், இரண்டு வாரத்தில் "மீண்டுவிடும்". இதைப் பிடிக்க, சாம்பிளில் எத்தனை பேர் எந்தக் கட்சி என்ற விகிதத்தைப் பாருங்கள். ஏற்பும் அந்த விகிதமும் ஒன்றாக ஆடினால் சந்தேகப்படுங்கள்.

2016 பற்றி: தேசிய அளவில் ஹிலாரி கிளின்டன் சுமார் 3 புள்ளி முன்னே என்றார்கள், மொத்த ஓட்டில் டிரம்பைவிட 2.1 புள்ளி முன்னே வந்தார். தவறியது சில மாநிலங்களின் கணிப்பு. படிப்புக்கு வெயிட் போடாதது ஒரு முக்கியக் காரணம்.

ஏற்பு எண்ணைச் சரிபார்க்கத் தேர்தலே ஒரு தராசு. தேர்தலுக்கு முன் வந்த கடைசி காலப் நிறுவன எண்ணையும் வாங்கிய ஓட்டையும் பக்கத்தில் வையுங்கள். ஒபாமா 2012: 52, ஓட்டு 51.1. டிரம்ப் 2020: 46, ஓட்டு 46.8. கார்ட்டர் 1980: 37, ஓட்டு 41. இப்படி ஒட்டிப் போகிற எண்ணைக் குப்பை என்று தள்ள முடியாது.

---

கோடும்புள்ளியும்:

மூன்று நெடுவரிசையும் போட்டுவிட்டேன், களத் தேதியும் சேர்த்தாயிற்று. நன்றி. இப்போது புதிதாக ஒரு முடிச்சு. கென்னடி 1961 ஏப்ரலில் கியூபாவில் பன்றிகள் விரிகுடாப் படையெடுப்பில் வாங்கியது படுதோல்வி. ஆனால் அதற்குப் பிறகுதான் அவருடைய உச்சம், 83. கார்ட்டருக்கு 1979 நவம்பரில் டெஹ்ரானில் அமெரிக்கத் தூதரகமே பறிபோனது, ஏற்பு 32-இலிருந்து ஜனவரியில் 58-க்கு ஏறியது. பைடனுக்கு மட்டும் காபூல் ஏன் நேர்மாறாக அடித்தது? தோல்விக்கு ஒரு காலத்தில் பரிசு, இன்னொரு காலத்தில் அடியா?

---

பழையகணக்கு:

நல்ல முடிச்சு. 1970-இல் ஜான் மியூலர் என்ற அரசியல் அறிஞர் இந்தத் திடீர் ஏற்றத்துக்கு வரையறை ஒன்று கொடுத்தார். சம்பவம் வெளிநாட்டு விவகாரமாக இருக்க வேண்டும், அமெரிக்காவும் அதிபரும் நேரடியாகச் சம்பந்தப்பட்டிருக்க வேண்டும், திடீரென்று, பளிச்சென்று கண்ணில் படுவதாக இருக்க வேண்டும். நாட்டுக்கு ஒரு அடி என்றதும் கொடியைச் சுற்றிக் கூடிவிடுவார்கள் என்பது அவர் விளக்கம். வெற்றியா தோல்வியா என்பது அந்த வரையறையில் இல்லவே இல்லை.

ஆனால் பின்னால் வந்த ரிச்சர்ட் பிராடி வேறு மாதிரி சொன்னார், எனக்கு அவர் சொன்னதுதான் ஒப்புதல். கூடுவது கொடியைச் சுற்றி அல்ல. அந்த நேரம் எதிர்க்கட்சித் தலைவர்கள் வாயை மூடிக்கொள்கிறார்கள், அல்லது கூடவே நிற்கிறார்கள். செய்தியில் குறை சொல்லும் குரலே இல்லை. எதிர்க்கட்சி வாக்காளர், தன் தலைவரே குறை சொல்லாதபோது, "ஏற்கிறேன்" என்று சொல்லிவிடுகிறார்.

கென்னடியைப் பாருங்கள். தோல்வி உறுதியான சில நாளில், ஏப்ரல் 22 அன்று, தனக்கு முன்பு இருந்த குடியரசுக் கட்சிக்காரர் ஐசனோவரையே கேம்ப் டேவிட்டுக்கு அழைத்து, இருவரும் தோட்டப் பாதையில் பேசிக்கொண்டே நடக்கிற படம் நாடு முழுக்க வந்தது. ஐசனோவர் அதிபருக்கு ஆதரவு தர வேண்டும் என்று வெளிப்படையாகச் சொன்னார். பழி முழுவதையும் கென்னடி தானே ஏற்றுக்கொண்டார். எதிர்த்துப் பேச ஆள் இல்லை.

காபூலில் விமானம் ஏறுவதற்குள்ளேயே எதிர்க்கட்சி மட்டுமல்ல, சொந்தக் கட்சிக்காரர்களில் சிலரும் அமெரிக்கப் படை வெளியேறிய முறையைக் கண்டித்துப் பேசிவிட்டார்கள். மியூலர் வரையறைப்படி அது ஏறியிருக்க வேண்டும். இறங்கியது.

இரண்டாம் புஷ்ஷுக்கு (அப்பா புஷ்ஷின் மகனுக்கு) 2001-இல் கிடைத்ததுதான் இந்த வகையின் உச்சி. செப்டம்பர் 7–10 கணிப்பில் 51, 14–15 கணிப்பில் 86, 21–22 கணிப்பில் 90. எதிர்க்கட்சியினரில் ஐந்தில் நான்கு பேருக்கு மேல் ஏற்றார்கள். அது கரைந்து பழைய இடத்துக்கு வர இரண்டு வருஷம் ஆனது, 2003 செப்டம்பர். நடுவில் ஈராக் போர்த் தொடக்கம் 58-ஐ 71 ஆக்கியது, அந்த ஏற்றம் ஆறே மாதத்தில் போய்விட்டது. பிறகு 2011-இல் பின் லாடன் கொல்லப்பட்டபோது ஒபாமாவுக்குக் கிடைத்தது வெறும் ஆறு புள்ளி, 46-இலிருந்து 52. ஆகஸ்டில் அரசின் கடன் உச்சவரம்பு பற்றிய சண்டை வந்து 38-க்கு இழுத்துவிட்டது. 2020 மார்ச்சில் கொரோனா வந்தபோது டிரம்புக்கு ஐந்து புள்ளி, 44-இலிருந்து 49. அதுதான் அவருடைய உச்சமே.

ஒவ்வொருவருடைய உச்சத்துக்கும் தாழ்வுக்கும் இடையே எவ்வளவு தூரம் என்று உங்கள் ஷீட்டில் கழித்துப் பாருங்கள். ட்ரூமன் 87, 22: 65 புள்ளி. இரண்டாம் புஷ் 90, 25: அதுவும் 65. டிரம்பின் முதல் ஆட்சி 49, 34: வெறும் 15. பைடன் 57, 36: 21. கூரையும் தரையும் நெருங்கிவிட்டன. முன்பெல்லாம் ஐசனோவரை எதிர்க்கட்சியினரில் பாதிப்பேர் ஏற்றார்கள். இப்போது பத்துப் பேரில் ஒருவர் ஏற்றால் பெரிது, சொந்தக் கட்சியில் பத்தில் ஒன்பது பேர் என்ன நடந்தாலும் நகர்வதில்லை. நகர்வது நடுவில் இருக்கிற, கட்சி சொல்லாத மக்கள் மட்டும். பைடனுக்கு 2021-இல் விழுந்ததும், டிரம்புக்கு 2025 ஜனவரியின் 47 ஜூலையில் 37 ஆனதும் பெரும்பாலும் அவர்களால்தான்.

கட்சி வாரி எண்ணைப் படிக்கும்போது ஒரு கண்ணி இருக்கிறது. "சொந்தக் கட்சியில் இன்னும் 90% ஆதரவு" என்று வந்தால், அந்தக் கட்சிக்காரர் என்று சொல்லிக்கொள்பவர் எத்தனை பேர் என்றும் பாருங்கள். வெறுத்துப் போனவர் "நான் சார்பற்றவன்" என்று நகர்ந்துவிடுவார். மிஞ்சியவர்களில் 90% என்பது சுருங்கிய கூட்டத்தின் 90%. ஆனால் நிக்சனைப் பாருங்கள்: ராஜினாமா நேரத்தில் மொத்த ஏற்பு 24. சொந்தக் கட்சியினரிலேயே சுமார் பாதிப்பேர்தான் மிச்சம். அந்தக் காலத் தரை அது. இன்றைய தரையில் ஒரு அதிபர் 24-க்குப் போக வேண்டுமானால் சொந்தக் கட்சி உடைய வேண்டும், நடுவில் இருப்பவர்கள் மட்டும் போனால் போதாது.

---

வாக்குச்சாவடி:

@பழையகணக்கு சொன்னதில் எனக்கு ஒரு மாற்றுக் கருத்து. எல்லாவற்றையும் எதிர்க்கட்சியின் மௌனத்தில் ஏற்ற முடியாது. 1998 டிசம்பர் 19 அன்று பில் கிளின்டன் மீது பிரதிநிதிகள் சபை பதவிநீக்கக் குற்றச்சாட்டை நிறைவேற்றியது. எதிர்க்கட்சி தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தது. அந்த வாரக்கடைசிக் கணிப்பில் அவருக்கு 73, அவருடைய உச்சம். சில நாள் முன்பு 63. வேலையின்மை 4.4%. கேட்கப்பட்டது "வேலையைச் செய்யும் விதம்". மக்கள் அதற்கு மட்டும் பதில் சொன்னார்கள், ஆள் நேர்மையா என்று தனியாகக் கேட்டபோது வேறு பதில் சொன்னார்கள்.

இடைக்காலத் தேர்தல் (அதிபர் பதவிக்காலத்தின் நடுவில் வருவது) ஆண்டில் ஏற்பு எண்ணை வைத்து இடங்களைக் கணிக்கப் போகிறவர்களுக்கும் ஒரு எச்சரிக்கை. 1994-இல் பில் கிளின்டன் 46, பிரதிநிதிகள் சபையில் அவர் கட்சிக்கு 54 இடம் போனது. 2010-இல் ஒபாமா 45, போனது 63. 2022-இல் பைடன் 40, போனது வெறும் 9. குறைந்த எண்ணுக்குக் குறைந்த இழப்பு! 2008-இல் ஜனநாயகக் கட்சி 257 இடம் வைத்திருந்தது, இழக்க நிறைய இருந்தது. 2020-இல் 222 தான். கருக்கலைப்பு உரிமை பற்றிய உச்ச நீதிமன்றத் தீர்ப்பு 2022 ஜூனில் வந்ததும் அவர்களுக்குக் கைகொடுத்தது.

---

டோக்கியோபஸ்:

ஜப்பான் பற்றி யாரும் சொல்லவில்லை, அதனால் சுருக்கமாக. இங்கே கேட்பது பிரதமரை அல்ல, அமைச்சரவையை ஏற்கிறீர்களா என்று. ஒரே வாரத்தில் நிக்கேய், யோமியூரி நாளிதழ்களின் கணிப்பில் எண் உயரமாகவும், ஜிஜி செய்தி நிறுவனத்தின் கணிப்பில் தாழ்வாகவும் வரும். நிக்கேய், யோமியூரி இரண்டும் "தெரியவில்லை" என்பவரிடம் "சரி, எந்தப் பக்கம் சாய்கிறீர்கள்?" என்று இன்னொரு முறை கேட்பார்கள். ஜிஜி நேரில் போய்க் கேட்கும், வற்புறுத்தாது. மூன்றாவது நெடுவரிசை பற்றி மேலே சொன்னதுதான் இங்கேயும்.

அரசியல்வாதிகள் வாயில் அடிபடுவது ஆவோகி விதி. அமைச்சரவை ஏற்பையும் ஆளுங்கட்சி ஆதரவையும் கூட்டினால் 50-க்குக் கீழே போனால் ஆட்சி தாங்காது என்பது. பிரதமர் மோரி 2001 பிப்ரவரியில் 10-க்குக் கீழே போய், ஏப்ரலில் விலகினார். அதே கட்சியின் கொய்சுமி வந்ததும் 80-ஐச் சுற்றி எண் தொடங்கியது. கட்சியே ஆளை மாற்றிவிடலாம் என்பதால் இங்கே கோடு நீண்டு இறங்குவதில்லை, வெட்டி வெட்டித் தொடங்கும். கிஷிதா 2023 இறுதியில் ஜிஜியில் இரண்டும் சேர்த்து 40 தேறாமலே 2024 அக்டோபர் வரை ஓட்டினார், ஆக விதி இரும்பு விதி இல்லை.

---

கோடும்புள்ளியும்:

எல்லோருக்கும் நன்றி. கடைசியாக ஒன்று. மோடிக்கு 70-க்கு மேல், மற்ற நாட்டுத் தலைவர்களுக்கு 30, 40 என்று மார்னிங் கன்சல்ட் என்ற அமெரிக்க நிறுவனத்தின் பட்டியல் அடிக்கடி வாட்ஸ்ஆப்பில் வருகிறதே, அதையும் இதே வரைபடத்தில் ஒரு கோடாகப் போடலாமா?

---

மாதிரிக்கூறு:

போடாதீர்கள். அது இணையக் கணிப்பு. இந்தியாவில் அந்தச் சாம்பிள் பிரதிநிதித்துவம் செய்வது எழுத்தறிவு பெற்ற பெரியவர்களை மட்டும் என்று அவர்களே குறிப்பில் சொல்கிறார்கள். ஒரே நாட்டுக்குள் மாதத்துக்கு மாதம் எப்படி நகர்கிறது என்று பார்க்கலாம். நாட்டுக்கு நாடு வரிசைப்படுத்துவது, வேறு வேறு தராசில் நிறுத்ததை ஒன்றாக அடுக்குவது.

காலப் தரவிலும் ஒரு இடத்தில் கவனம். ஒபாமா காலத்தில் தினமும் எண் வரும், அது மூன்று நாள் நகரும் சராசரி, சுமார் 1,500 பேர். இன்றைய எண்ணிலும் நேற்றைய எண்ணிலும் மூன்றில் இரண்டு பங்கு அதே ஆட்கள். அதனால் கோடு செயற்கையாக வழவழவென்று வரும், பிழை வரம்புக் கணக்கும் தப்பும். அந்த வருஷங்களுக்கு மட்டும் மூன்று வரிசைக்கு ஒன்று என்று எடுத்துவிட்டு மீதியை நீக்கிவிடுங்கள்.